குளித்துவிட்டு வா என்று சொல்லாத பள்ளி



நம் சேரிகளில் அங்கன்வாடியைப் பலர் இன்றும் 'பால்வாடி' என்றுதான் சொல்கிறார்கள். பால் கொடுக்கும் இடம் என்பதால் அந்தப் பெயர் என்று சின்ன வயதில் நாங்களும் நினைத்திருந்தோம். அங்கே ஒரு நாளும் பால் கொடுத்ததில்லை, அது வேறு கதை. சமூகப் பணிக்கு வந்த பிறகுதான் விவரம் தெரிந்தது. இந்தி, மராத்தி போன்ற மொழிகளில் 'பால்' என்றால் குழந்தை. 'வாடி' என்றால் தோட்டம். 'அங்கன்' என்றால் முற்றம். முற்றத்தில் நடக்கும் குழந்தைப் பள்ளிதான் அங்கன்வாடி.

சரி, அது யாருடைய முற்றம்?

இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனபோது நாங்கள் வந்து நின்ற இடம் ஒரு தலித் குடியிருப்பின் முற்றம். இன்று நாடு முழுவதும் லட்சக்கணக்கான மையங்களுக்கு வைத்திருக்கும் பெயர் அப்படிப்பட்ட முற்றத்திலிருந்து வந்தது. கல்வியியல் படிக்கும் மாணவர்களுக்குக்கூட இது பெரும்பாலும் சொல்லித்தரப்படுவதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன் எங்கள் களத்தில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் வட மாவட்டம் ஒன்றில், ஒரு கிராமத்தின் காலனியில் வேலை செய்துகொண்டிருந்தோம். அங்கன்வாடி ஊருக்குள், கோயிலுக்குப் பக்கத்தில் இருந்தது. காலனியில் மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். பதிவேட்டில் எல்லோர் பெயரும் இருந்தது. போய்க்கொண்டிருந்ததோ நான்கைந்து பேர்தான். ஏன் அனுப்பவில்லை என்று தாய்மார்களிடம் கேட்டோம். ஒரு அக்கா சொன்னார்: "அழுக்கா வருது, குளிப்பாட்டி அனுப்புன்றாங்க. பைப்புல ரெண்டு நாளைக்கு ஒரு தடவதான் தண்ணி. காலைல ஆறு மணிக்கு நாங்க வேலைக்குப் போவணும். எங்க குளிப்பாட்டறது?"

சுத்தம் சொல்லித்தருவதில் என்ன தவறு என்று கேட்கலாம். தவறே இல்லை. ஆனால் அதைப் பள்ளிக்குள் சொல்லித்தருவது வேறு, வாசலில் நிபந்தனையாக வைப்பது வேறு. இந்த வேறுபாட்டுக்குள் நூறு ஆண்டுக்கும் மேலான வரலாறு இருக்கிறது.

ஆசை எங்கிருந்து வருகிறது?

1907 ஜனவரி 6. ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதி. கூலித் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்பு. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட, பள்ளி வயதை எட்டாத குழந்தைகள் படிக்கட்டுகளில் ஓடினார்கள், சுவரில் கிறுக்கினார்கள். கட்டிடம் பாழாகிறது என்ற கவலை கட்டிடத்தை நிர்வகித்த நிறுவனத்துக்கு. குழந்தைகளை ஒரே அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். பொறுப்பேற்றவர் மருத்துவரான மரியா மாண்டிசோரி.

அவர் அங்கே கண்டது கல்வி உலகத்தையே திருப்பிப் போட்டது. பொருட்களைக் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றால், குழந்தைகள் தாமே ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். யாரும் மிரட்டவில்லை, மிட்டாய் காட்டவில்லை. பொம்மையைவிட வேலை அவர்களை அதிகம் ஈர்த்தது. படிப்பறியாத கூலிகளின் குழந்தைகள் நான்கு, ஐந்து வயதில் எழுதத் தொடங்கினார்கள்.

இதில் நமக்கான பாடம் ஒன்று உண்டு. கற்கும் ஆசையை யாரும் குழந்தைக்கு ஊட்ட வேண்டியதில்லை. பசி மாதிரி அது பிறப்பிலேயே இருக்கிறது. நம் மடியில் உட்கார்ந்து "இது என்னா? அது ஏன்?" என்று நச்சரிக்கும் மூன்று வயதுக் குழந்தையைப் பார்த்தவர்களுக்கு மாண்டிசோரி சொல்லித்தான் இது தெரிய வேண்டும் என்றில்லை. ஆனால் 'இந்தச் சாதிக்குப் படிப்பு வராது' என்று சொல்லிக்கொண்டிருந்த உலகத்துக்கு, ஒரு சேரியில் வைத்தே அந்தப் பெண்மணி பதில் சொல்லிவிட்டார். எனவே குழந்தைக்கு ஆசையை எப்படி வரவைப்பது என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இருக்கிற ஆசையை யார் அணைக்கிறார்கள், எங்கே, எப்படி அணைக்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

ஆனால் அந்தக் குழந்தைகள் இல்லத்திலும் ஒரு விதி எழுதி மாட்டப்பட்டிருந்தது. குளிக்காமலோ அழுக்குத் துணியோடோ வரும் குழந்தை வெளியேற்றப்படும். மாண்டிசோரியே தன் நூலில் அந்த விதிகளைத் தந்திருக்கிறார். அந்தக் கட்டிடத்தைப் பொறுத்தவரை அந்த விதியைப் புரிந்துகொள்ள முடியும். அங்கே தண்ணீர் தொட யாருக்கும் தடையில்லை. அதே விதியைத் தண்ணீரே மறுக்கப்பட்ட மக்களின் வாசலில் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? அதற்குத்தான் நம் அடையாற்றுக்கு வர வேண்டியிருக்கிறது.

அடையாற்றில் இரண்டு பள்ளிகள்

சென்னை அடையாற்றில் 1894இல் தியசாபிகல் சங்கத்தின் ஆல்காட், அன்று 'பஞ்சமர்' எனப்பட்ட நம் மக்களின் குழந்தைகளுக்காக ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசர் ஆல்காட்டோடு தொடர்பில் இருந்த காலம் அது. 1898இல் இருவரும் பௌத்தத்துக்காக இலங்கைக்குச் சென்றதை நீங்கள் படித்திருப்பீர்கள். 1907இல் ஆல்காட் இறந்தபோது இப்படி ஐந்து பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. அதில் ஒன்றின் பெயர் திருவள்ளுவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே, அதாவது சான் லொரென்சோவுக்கும் முன்பே, இந்தப் பள்ளிகளில் கிண்டர்கார்டன் முறையை, பாட்டும் விளையாட்டும் கைவேலையுமாகச் சொல்லித்தரும் முறையைக் கொண்டுவந்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தப் புதுமுறையை முதலில் ருசித்தவர்களில் நம் சேரிக் குழந்தைகளும் உண்டு. மெட்ரிக் பள்ளி வாசலில் எல்.கே.ஜி. விண்ணப்பத்துக்கு வரிசையில் நிற்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆல்காட்டுக்குப் பின் அந்தச் சங்கத்தின் தலைவரானவர் அன்னி பெசன்ட். 1909இல் 'இந்தியன் ரிவியூ' இதழில் அவர் எழுதிய கட்டுரை ஒன்றைத் தோழர்கள் தேடிப் படிக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட மக்களின் குழந்தைகளை மற்ற சாதிக் குழந்தைகளோடு ஒரே வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது என்பது அவர் வாதம். காரணம்? இவர்கள் உடல் சுத்தமில்லை, நாற்றமடிக்கிறது, நோய் ஒட்டும். முதலில் தனியாக வைத்துச் சுத்தம் கற்பிக்க வேண்டும், நல்ல உணவும் நல்ல பழக்கமும் தலைமுறைகள் தொடர வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. தீண்டாமை என்ற சொல்லை நேராகப் பயன்படுத்தாமல், சுகாதாரம் என்ற சொல்லால் அதே கதவைச் சாத்தினார்.

அண்ணல் அம்பேத்கர் இதை மறக்கவில்லை. 1945இல் வெளிவந்த 'காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன' என்ற நூலில் அந்தக் கட்டுரையை எடுத்துப் போட்டுக் காட்டினார். அவர் மறக்காததற்குக் காரணம் இருக்கிறது. சாத்தாராவில் பள்ளிக்குப் போன சிறுவன் பீமராவ், வகுப்பின் மூலையில் தனியாக ஒரு சாக்குத் துணியில் உட்கார்ந்தான். அந்தச் சாக்கையும் தினமும் வீட்டிலிருந்து கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். பள்ளியைக் கூட்டுகிறவர்கூட அதைத் தொட மாட்டார். தாகம் எடுத்தால் குழாயைத் தானே திறக்கக் கூடாது. பள்ளிப் பியூன் திறந்துவிட வேண்டும். பியூன் இல்லாத நாளில் தண்ணீர் இல்லை.

தண்ணீரைத் தொடாதே என்று சொல்லும் அதே சமூகம்தான் குளிக்காமல் வராதே என்றும் சொல்கிறது. 1927இல் மகாத் நகரின் சவுதார் குளத்தில் ஆயிரக்கணக்கான மக்களோடு இறங்கி அண்ணல் தண்ணீரை அள்ளிக் குடித்த போராட்டத்தைக் குடிநீர் உரிமைப் போராட்டமாகப் படிக்கிறோம். அதைப் பள்ளிக்கூட வாசலைத் திறந்த போராட்டமாகவும் படிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இனி அடையாற்றின் இரண்டாம் பள்ளி. 1939இல் தியசாபிகல் சங்கத்தின் அழைப்பில் மாண்டிசோரி அடையாற்றுக்கு வந்து ஆசிரியர் பயிற்சி வகுப்பு நடத்தினார். உலகப் போர் மூண்டதால், எதிரி நாடான இத்தாலியைச் சேர்ந்த அவர் 1946 வரை இங்கேயே இருக்க நேர்ந்தது. கொடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்தார். அந்த ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றார்கள். ஆனால் அந்த முறை போய்ச் சேர்ந்தது எங்கே? பெரும்பாலும் கட்டணம் கட்ட முடிந்தவர்களின் பிள்ளைகளிடம். கூலிகளின் குடியிருப்பில் பிறந்த ஒரு முறை, நம் ஊரில் பணக்காரப் பிள்ளைகளின் அடையாளமாக மாறியது. இன்று 'மாண்டிசோரி' என்று பலகை மாட்டிய பள்ளியின் கட்டணத்தைக் கேட்டுப் பாருங்கள், புரியும்.

இந்தத் திசையைத் திருப்பிய இடம் போர்டி.

1945, போர்டி

போர்டி, பம்பாய்க்கு வடக்கே அரபிக் கடலோரத்தில் உள்ள கிராமம். இன்று மகாராட்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் இருக்கிறது. 1945இல் அங்கே ஒரு கிராமக் குழந்தைக் கல்வி மையத்தைத் தொடங்கியவர் தாராபாய் மோடக். அவரோடு வந்து சேர்ந்தவர் அனுதாய் வாக்.

தாராபாய் 1892இல் பிறந்தவர். குஜராத்தின் பாவ்நகரில் 1920இல் குழந்தைப் பள்ளி தொடங்கிய கிஜுபாய் பதேகாவோடு 1923 முதல் வேலை செய்தவர். மாண்டிசோரி முறையை இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்ப மாற்றிய முன்னோடிகளில் ஒருவர். அனுதாய் 1910இல் பிறந்தவர். 13 வயதில் திருமணம், ஆறு மாதத்துக்குள் விதவை. பிறகு படித்து ஆசிரியரானவர். இருவரும் நம் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். காந்தியக் காற்றடித்த காலத்தில் கிராமத்துக்குப் போனவர்கள். இதை மறைக்க வேண்டியதும் இல்லை, இதற்காக அவர்கள் செய்ததைக் குறைக்க வேண்டியதும் இல்லை.

நகரத்தில் நடக்கும் குழந்தைப் பள்ளியைக் கிராமத்து ஏழைக் குழந்தைகளுக்கும் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் அவர்கள் திட்டம். மையத்தில் பால்வாடி தொடங்கியது. தலித் குடியிருப்பின் குழந்தைகள் வரவில்லை. பெற்றோர் விடிந்ததும் கூலிக்குப் போய்விடுவார்கள். குழந்தையைக் குளிப்பாட்டித் தலைசீவி ஊருக்குள் கூட்டிப்போக ஆளில்லை. போனாலும் ஊர் எப்படிப் பார்க்கும் என்ற அச்சம் வேறு.

இந்த இடத்தில் ஒரு சாதாரணப் பள்ளி என்ன செய்யும்? 'அழைத்தோம், வரவில்லை, அவர்களுக்குப் படிப்பில் அக்கறையில்லை' என்று எழுதி வைத்துவிடும். நாம் இந்த வாசகத்தை எத்தனை அறிக்கைகளில் படித்திருக்கிறோம்! போர்டியில் அப்படி எழுதவில்லை. குழந்தைகள் வராவிட்டால் பள்ளி போகும் என்று முடிவு செய்தார்கள். குடியிருப்புக்குள்ளேயே ஒரு முற்றத்தைப் பெருக்கி, அங்கேயே பள்ளியை நடத்தினார்கள். முற்றத்துப் பள்ளி. அங்கன்வாடி.

அங்கே முதல் வேலை குழந்தைகளின் முகம் கழுவுவதும் நகம் வெட்டுவதும் தலைவாருவதும்தான். சான் லொரென்சோவில் வாசலில் நிபந்தனையாக இருந்தது, அடையாற்றில் தள்ளிவைக்கக் காரணமாக இருந்தது, போர்டியில் பள்ளியின் முதல் பாடவேளையாக மாறியது. குளித்துவிட்டு வா என்று அவர்கள் சொல்லவில்லை. வா, இங்கேயே முகம் கழுவிக்கொள்ளலாம் என்றார்கள். பார்க்கச் சின்ன மாற்றம். மூன்று வயதுக் குழந்தைக்கு அதுதான் உள்ளே இருப்பதற்கும் வெளியே நிற்பதற்கும் இடையிலான தூரம்.

இதில் ஒரு நெருடல் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். உயர்சாதிப் பெண்கள் வந்து சேரிக் குழந்தைகளைக் குளிப்பாட்டுவது, 'நீங்கள் அழுக்கானவர்கள்' என்ற செய்தியையும் சேர்த்தே தந்துவிடலாம். அந்தக் கால அரிசனச் சேவையில் இந்தத் தொனி நிறையவே உண்டு. அண்ணல் அதைக் கடுமையாகக் கண்டித்தார். போர்டியும் அதிலிருந்து முழுவதும் விலகி நின்றது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் சேவையோடு நிற்காமல் அவர்கள் கற்பிக்கும் முறையையே மாற்றினார்கள். அதைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாண்டிசோரியின் கற்றல் கருவிகள் விலை உயர்ந்தவை. மெருகேற்றிய மரத்தால் செய்தவை. போர்டியில் அதற்குப் பணமில்லை. கடற்கரைக் கிளிஞ்சல், விதை, கூழாங்கல், இலை, பூ, களிமண் ஆகியவற்றை எடுத்துக்கொண்டார்கள். பெரிது, சிறிது, வழவழப்பு, சொரசொரப்பு, எண்ணுவது, அடுக்குவது, பிரிப்பது எல்லாமே அதில் வந்தது. பணம் மிச்சமானது ஒரு பக்கம். குழந்தை தினமும் மிதித்து நடக்கும் பொருளே பாடமாகும்போது, 'என் இடத்தில் இருப்பதும் அறிவுதான்' என்று அதற்குத் தெரிகிறது. ஒடுக்கப்பட்ட குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று நினைத்துப் பாருங்கள்.

கோஸ்பாட் மலையில்

1950களின் பிற்பகுதியில் இந்த வேலை பக்கத்திலுள்ள கோஸ்பாட் மலைக்கு நகர்ந்தது. வார்லி பழங்குடி மக்கள் வாழும் பகுதி. அங்கே வேறு சிக்கல். ஐந்தாறு வயதிலேயே பிள்ளைகள் மாடு மேய்க்கப் போய்விடுவார்கள். பெண் பிள்ளைகளின் இடுப்பில் எப்போதும் ஒரு தம்பியோ தங்கையோ இருக்கும்.

மேய்ச்சலுக்குப் போன பிள்ளைகளைத் தேடி ஆசிரியர் மேய்ச்சல் நிலத்துக்கே போனார். மாடு ஒரு பக்கம் மேய, மறுபக்கம் பாடம். இதற்குப் புல்வெளிப் பள்ளி என்று பெயர். இடுப்பில் குழந்தையோடு வரும் சிறுமியை 'குழந்தையை விட்டுவிட்டு வா' என்று திருப்பி அனுப்பாமல், குழந்தைகள் காப்பகம், பால்வாடி, தொடக்கப் பள்ளி மூன்றையும் ஒரே வளாகத்தில் வைத்தார்கள். தம்பி காப்பகத்தில், அக்கா வகுப்பில். இங்கேயும் அதே விதிதான்: குழந்தையின் வாழ்க்கை எங்கே இருக்கிறதோ அங்கே பள்ளி போக வேண்டும்.

இந்த வரலாற்றைச் சொல்கிறவர்கள் வழக்கமாக விட்டுவிடும் ஒரு பக்கமும் உண்டு. போர்டியில் மையம் தொடங்கிய அதே 1945இல், அதே வட்டாரத்தில், வார்லி மக்கள் கொத்தடிமை முறைக்கும் வெட்டி வேலைக்கும் எதிராக எழுந்தார்கள். கோதாவரி பருலேகரும் கிசான் சபையும் வழிநடத்திய போராட்டம் அது. அந்த அக்டோபரில் தல்வாடாவில் கூடியிருந்த மக்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஐந்து பேர் உயிரிழந்தார்கள். பண்ணையாரின் நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் கட்டிப்போடப்பட்ட அப்பாவின் பிள்ளை, எவ்வளவு நல்ல பால்வாடி இருந்தாலும் எத்தனை நாள் அங்கே உட்கார முடியும்? குழந்தையின் ஆசைக்கு முற்றத்தைக் கொடுத்தவர்கள் தாராபாயும் அனுதாயும் என்றால், அந்தக் குழந்தைக்குப் பகல் நேரத்தைக் கொடுத்தவர்கள் போராடிய அதன் பெற்றோர்கள். இரண்டையும் ஒன்றாகப் படிக்காத கல்வி வரலாறு அரைகுறை வரலாறு.

பெயர் வந்தது, முற்றம் வரவில்லை

1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. அதன் மையங்களுக்கு வைத்த பெயர் அங்கன்வாடி. முட்டை, சத்துமாவு, தடுப்பூசி, எடை பார்த்தல், முன்பருவக் கல்வி எல்லாம் ஒரே கூரையின் கீழ். தமிழ்நாட்டில் 1982இல் வந்த சத்துணவுத் திட்டமும் இரண்டு வயதிலிருந்தே குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டது. இந்தத் திட்டங்களால் நம் குழந்தைகள் உயிர் பிழைத்தார்கள். இதைக் குறைத்துப் பேசும் எவரோடும் நாங்கள் உடன்பட மாட்டோம். பசித்த வயிற்றோடு எந்தக் குழந்தையும் கேள்வி கேட்காது.

ஆனால் முற்றத்தின் பெயரை எடுத்துக்கொண்ட திட்டம், கட்டிடத்தை ஊருக்குள் கட்டியது. எத்தனையோ கிராமங்களில் மையம் எங்கே அமைய வேண்டும் என்பதை ஊரின் ஆதிக்க சாதியே முடிவு செய்தது. உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டி வந்தது. உணவு உரிமை வழக்கில் 2004 அக்டோபர் 7 அன்று, பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகள் எல்லாவற்றிலும் விரைவில் அங்கன்வாடி அமைக்க முயற்சி எடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. 2006 டிசம்பர் 13 அன்று இன்னும் தெளிவாகச் சொன்னது: புதிய மையங்களுக்கு இந்தக் குடியிருப்புகளுக்கே முன்னுரிமை. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளாவது இருந்து, மையம் இல்லாத கிராமப்புறக் குடியிருப்போ குடிசைப் பகுதியோ கேட்டால், மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி தர வேண்டும்.

தலித் முற்றத்தில் பிறந்த பள்ளியைத் தலித் முற்றத்துக்குத் திரும்பக் கொண்டுவர 60 ஆண்டுக்குப் பிறகு நீதிமன்ற ஆணை தேவைப்பட்டது. இந்த ஒரு வரியை மட்டுமாவது தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்திலும் இதே கதைதான். அண்ணல் காலத்து அரசியல் சாசனத்தின் 45ஆம் பிரிவு, 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பத்தாண்டுக்குள் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்றது. எந்த வயதிலிருந்து என்று கீழ் எல்லை எதுவும் போடவில்லை. மூன்று வயதுக் குழந்தையும் அதற்குள் இருந்தது. 2002இல் வந்த 86ஆவது திருத்தம் கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. நாம் எல்லோரும் கொண்டாடினோம். ஆனால் அந்த உரிமை ஆறு வயதிலிருந்துதான். ஆறு வயதுக்குட்பட்டவர்கள் மீண்டும் 'அரசு முயல வேண்டும்' என்ற வரிக்கே அனுப்பப்பட்டார்கள். 2009இன் கல்வி உரிமைச் சட்டத்திலும் முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்றுதான் இருக்கிறது. செய்தே ஆக வேண்டும் என்று இல்லை. ஆசை மிகக் கொழுந்துவிட்டு எரியும் வயதுதான் உரிமைக்கு வெளியே நிற்கிறது.

விளைவை நாம் தினமும் பார்க்கிறோம். வசதியுள்ள குழந்தை மூன்று வயதில் நர்சரிக்குப் போகிறது. நம் குழந்தை போகும் இடத்தைப் பலர் 'சோறு போடும் இடம்' என்கிறார்கள். அங்கே ஒரு ஊழியர் சமைப்பதையும் எடை பார்ப்பதையும் கணக்கெடுப்பையும் பதிவேட்டையும் கவனித்துக்கொண்டு, ஊதியம் என்றுகூடச் சொல்லப்படாத மதிப்பூதியத்தில், இருபது முப்பது குழந்தைகளுக்குக் கதையும் சொல்ல வேண்டும். அந்த ஊழியர்களும் பெரும்பாலும் ஏழைப் பெண்கள்தான். அவர்கள் நமக்கு எதிரிகள் அல்லர். அவர்களின் சங்கங்கள் கேட்கும் ஊதியக் கோரிக்கை நம் குழந்தைகளின் கல்விக் கோரிக்கையும்தான்.

இன்னொன்றையும் நம் பக்கத்தைப் பார்த்தே சொல்ல வேண்டும். நர்சரி என்ற பெயரில் நம் பெற்றோர் கடன் வாங்கி அனுப்பும் சின்னச் சின்னத் தனியார் பள்ளிகளில், மூன்று வயதுக் கைகளில் பென்சிலைத் திணித்து ஏ, பி, சி எழுத வைக்கிறார்கள். கையைக் கட்டு, வாயில் விரல் வை என்கிறார்கள். அது படிப்பு என்று நம் மக்கள் நம்புகிறார்கள். மறுக்கப்பட்ட ஒன்றுக்காகத் தவிக்கிறவர்களை ஏமாற்றுவது எளிது. வாயில் விரல் வைத்து உட்காரும் குழந்தை கேள்வி கேட்காது. கேள்வி கேட்காத பிள்ளைகள் இந்தச் சாதியச் சமூகத்துக்குத்தான் தேவை, நமக்கல்ல.

எங்கள் முற்றம்

தொடக்கத்தில் சொன்ன காலனிக்குத் திரும்புகிறோம். போர்டியைப் பற்றிப் படித்திருந்ததால் எங்களுக்கு ஒரு வழி தெரிந்தது. ஒரு பாட்டியின் வீட்டு முன்னால் வேப்பமர நிழலில் பாய் விரித்தோம். ஒரு குடம் தண்ணீர், ஒரு துண்டு, ஒரு சீப்பு. அதன் பிறகு புளியங்கொட்டை, உடைந்த பனை ஓலை விசிறி, சோளத்தட்டை, பாட்டில் மூடிகள். காலை இரண்டு மணி நேரம்.

முதல் வாரம் பெரும்பாலான குழந்தைகள் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், என்ன செய்யச் சொல்வோமோ என்று. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் வாரம், நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி புளியங்கொட்டைகளைக் குவித்து, பளபளப்பாக இருப்பதை ஒரு பக்கமும் மங்கலாக இருப்பதை மறுபக்கமும் ஒதுக்கினாள். முடித்ததும் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி பிரித்தாள். யாரும் சொல்லவில்லை. அவள் அம்மா களை வெட்டப் போகும் வழியில் நின்று பார்த்துவிட்டு, "இதுக்கா இவ வீட்ல கையக் கால வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டேங்குறா?" என்று சிரித்தார். அடங்காத பிள்ளை என்று அதுவரை அடி வாங்கிக்கொண்டிருந்தவள் அவள்.

கூடவே மனுவும் போட்டோம். மேலே சொன்ன இரண்டு ஆணைகளையும் இணைத்து, குழந்தைகளின் பெயர்ப் பட்டியலோடு, தாய்மார்களின் கையெழுத்தோடு. ஓராண்டுக்கும் மேல் அலைந்தோம். கடைசியில் காலனியின் சமுதாயக் கூடத்தில் ஒரு குறு மையம் வந்தது.

அப்போது எங்களோடு இருந்த கல்லூரித் தோழர் ஒருவர் கேட்டார்: "சேரிக்குள்ளேயே மையம் கேட்பது, நம்மைத் தனியாக வையுங்கள் என்று நாமே கேட்பது ஆகாதா? அன்னி பெசன்ட் சொன்னதும் அதுதானே?"

நேர்மையான கேள்வி. நாங்களும் பல இரவுகள் இதைப் பேசியிருக்கிறோம். பெசன்ட் தனிப்பள்ளி கேட்டது நம் குழந்தைகள் மற்றவர்களோடு கலக்கக் கூடாது என்பதற்காக. நாம் சேரியில் மையம் கேட்பது, மூன்று வயதுக் கால்கள் அவமானத்தைக் கடந்து நடக்க வேண்டாம் என்பதற்காக. அந்த மையம் சேரிக்கு மட்டுமானதாக இருக்க வேண்டும் என்று நாம் சொல்லவே இல்லை. ஒரு கிராமத்துக்கு ஒரே மையம்தான் கட்ட முடியுமென்றால் அதைச் சேரியில் கட்டுங்கள், ஊர்க் குழந்தைகள் நடந்து வரட்டும் என்பதுதான் எங்கள் நிலைப்பாடு. இத்தனை காலம் நாம்தானே நடந்தோம்!

என்ன செய்யலாம்?

படிக்கும் தோழர்களுக்குச் சில வேலைகளைச் சொல்லி முடிக்கிறோம். இந்த விடுமுறையில் உங்கள் ஊர் அங்கன்வாடிக்குப் போங்கள். கட்டிடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று பாருங்கள். பதிவேட்டில் இருக்கும் பெயர்களையும் பாயில் உட்கார்ந்திருக்கும் தலைகளையும் எண்ணுங்கள். வித்தியாசம் எந்தத் தெருவின் குழந்தைகள் என்று கேளுங்கள். சமைப்பவர் எந்தச் சாதி என்பதைக் காரணமாக வைத்துக் குழந்தைகளை நிறுத்துகிறார்களா என்று விசாரியுங்கள். தண்ணீர் இருக்கிறதா, குழந்தை தானே எடுத்துக் குடிக்க முடிகிறதா என்று பாருங்கள். சாப்பாட்டு நேரம் போக மீதி நேரத்தில் குழந்தையின் கையில் என்ன இருக்கிறது என்று கவனியுங்கள். பிறகு கிராம சபையில் எழுந்து பேசுங்கள்.

மையம் இல்லாத குடியிருப்பில் மனு எழுதுங்கள். பதில் வரும்வரை சும்மா இருக்காதீர்கள். ஒரு பாய், ஒரு குடம் தண்ணீர், ஒரு கைப்பிடி புளியங்கொட்டை போதும்.

தமிழில் 'அங்கணம்' என்றொரு பழைய சொல் உண்டு. முற்றம் என்றும் பொருள், கழிவுநீர் போகும் இடம் என்றும் பொருள். நம் குடியிருப்பின் முற்றத்தைப் பார்க்கிறவர்களின் கண்ணுக்கு இரண்டாவது பொருள்தான் தெரிகிறது. நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அது முதல் பொருளில்தான் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து புளியங்கொட்டையைப் பிரித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு ஆசையை நாம் கொடுக்க வேண்டியதில்லை. அவள் முன்னால் வந்து நின்று 'குளித்துவிட்டு வா' என்று சொல்லப் போகிறவர்களைத் தடுத்தால் போதும்.

ஜெய் பீம்.